மக்கரோனும் நீரின் கணக்கும்

பாதாம் தூள், ஐசிங் சுகர் என்கிற மாவாகப் பொடித்த சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, சாதாரணச் சர்க்கரை. இரண்டு வட்ட ஓடுகளுக்கு நடுவே கிரீம் வைத்து ஒட்டும் பிரெஞ்சு மக்கரோனின் ஓட்டுக்கு வேண்டியவை இந்த நான்குதான். கோதுமை மாவு கிடையாது, வெண்ணெய் கிடையாது, பேக்கிங் பவுடரும் கிடையாது. இத்தனை சின்னப் பட்டியல் கொண்ட ஒரு தின்பண்டம் வீட்டுச் சமையலறைகளில் இவ்வளவு பெரிய கெட்ட பெயரைச் சம்பாதித்திருக்கிறது. அளவு மாறாது, ஓவன் மாறாது, செய்கிற கையும் மாறாது. ஆனாலும் நேற்று வழுவழுவென்று எழும்பி நின்றது, இன்று தலையில் வெடித்து, தாளில் ஒட்டிக்கொண்டு, உள்ளே வெறும் கூடாக வந்து நிற்கும். காரணம் புரியாத இடத்தில் விதிகள் முளைப்பது வழக்கம். வெள்ளைக்கருவைச் சில நாள் பழையதாக்க வேண்டும், மழை நாளில் மக்கரோன் பக்கமே போகக் கூடாது, கலவையைச் சரியாக 50 முறை மடிக்க வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

இவற்றில் சில உண்மை, சில பாதி உண்மை, மீதி வெறும் சம்பிரதாயம். பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. எந்த விதியைக் கேட்டாலும், ‘இது நீரை என்ன செய்கிறது?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளைக்கருவில் ஏறக்குறைய 90 சதவீதம் நீர். எஞ்சியதில் பெரும்பகுதி புரதம். அந்த நீரை நுரையில் பிடித்து வைக்கிறோம், மேல்பரப்பில் மட்டும் உலர்த்துகிறோம், ஓவனில் ஆவியாக்குகிறோம், கடைசியில் உள்ளே வைக்கும் கிரீமிலிருந்து கொஞ்சம் ஈரத்தை ஓட்டுக்குத் திருப்பித் தருகிறோம். மக்கரோனின் முழு வேலையும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

நுரையிலிருந்து தொடங்கலாம். முட்டை அடிக்கும் பீட்டர் சுழலும்போது, வெள்ளைக்கருவில் சுருண்டு கிடக்கும் புரத மூலக்கூறுகள் விரிகின்றன. காற்றும் நீரும் சந்திக்கும் எல்லையில் போய் அமர்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. இப்படி ஒவ்வொரு குமிழியைச் சுற்றியும் மெல்லிய புரதச் சுவர் எழும்புகிறது. கொழுப்பு வந்தால் அதே எல்லையில் இடம் பிடிக்கப் புரதத்தோடு போட்டி போடும். ஒரு துளி மஞ்சள்கருவோ, பாத்திரத்தில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கோ நுரையைக் கெடுப்பது இதனால்தான். பிளாஸ்டிக் பாத்திரங்களில் பிசுக்கு எளிதில் போகாது. எவர்சில்வரோ கண்ணாடியோ நல்லது.

சர்க்கரை இங்கே இனிப்புக்காக மட்டும் வரவில்லை. அது நீரில் கரைந்து அதைக் கெட்டியான பாகாக்குகிறது; குமிழிச் சுவர்களிலிருந்து நீர் வடிந்து கீழே தேங்குவது தாமதப்படுகிறது. ஆனால் தொடக்கத்திலேயே கொட்டினால் நுரை எழும்பவே நேரம் பிடிக்கும். அதனால்தான் வெள்ளைக்கரு நுரைத்து வெளுத்த பிறகு சிறிது சிறிதாகச் சேர்க்கச் சொல்கிறார்கள். அளவுக்கு மீறி அடித்தால் புரதங்கள் இறுகப் பிணைந்து, தங்களுக்கிடையே இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். நுரை பஞ்சுபோல் திரிதிரியாகி அடியில் தண்ணீர் நிற்கும். ஒரு சிட்டிகை கிரீம் ஆஃப் டார்ட்டர் என்னும் அமிலப் பொடியோ சில துளி எலுமிச்சைச் சாறோ இந்த இறுக்கத்தைத் தளர்த்திக் கொஞ்சம் அவகாசம் தரும். பிரெஞ்சு சமையலறைகளில் வெள்ளைக்கரு அடிக்கச் செம்புப் பாத்திரம் வைத்திருந்ததற்கும் காரணம் இதுவே. செம்பு அயனிகள் புரதங்களோடு சேர்ந்து நுரையை நிலைப்படுத்துகின்றன.

இனி, பழைய வெள்ளைக்கரு. முட்டை பழசாகும்போது அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுகிறது; கெட்டியான பகுதி இளகி நீர்த்துப்போகிறது. நீர்த்த வெள்ளைக்கரு விரைவில் நுரைக்கும், அவ்வளவுதான். திறந்து வைத்தால் கொஞ்சம் நீரும் ஆவியாகும், அது உண்மையான லாபம். ஆனால் பலர் மூடி போட்ட டப்பாவில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். மூடியிருக்கும்போது நீர் எங்கே போகும்? சர்க்கரையும் துளி அமிலமும் இருந்தால் இன்று உடைத்த முட்டையிலேயே நல்ல நுரை வருகிறது. வெள்ளைக்கருவை நாள்கணக்கில் அறை வெப்பத்தில் வெளியே விடுவது சுகாதாரத்துக்கும் ஆகாது. இந்தச் சடங்கைத் தயங்காமல் கைவிடலாம் என்பது என் கருத்து.

சர்க்கரையையும் வெள்ளைக்கருவையும் சேர்த்து அடிக்க மூன்று வழிகள் உண்டு. பிரெஞ்சு முறையில் எதையும் சூடாக்குவதில்லை. வேலை குறைவு, ஆனால் மூன்றில் இந்த நுரைதான் மிகவும் பலவீனமானது. இத்தாலிய முறையில் சர்க்கரைப் பாகை 118 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, ஓடிக்கொண்டிருக்கும் பீட்டரில் மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். பாரிஸின் புகழ்பெற்ற பேஸ்ட்ரி கலைஞர் பியர் எர்மே பின்பற்றுவது இந்த முறையைத்தான். பெரிய அளவில் செய்பவர்களுக்கு இது மிகவும் ஏற்றது; நுரை அசையாமல் நிற்கும். வீட்டில், இரண்டு முட்டை வெள்ளைக்கருவுக்காகப் பாகு காய்ச்சினால், பாதி பாகு பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டி இறுகிவிடும். கணக்கு அங்கேயே தப்பும். சுவிஸ் முறை நடுவழி. வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் ஒன்றாகக் கலந்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 50, 55 டிகிரி வரை கிளறிச் சூடாக்கி, பிறகு அடிப்பது. இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்தால் சர்க்கரை நரநரக்கக் கூடாது. வீட்டில் செய்பவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். பிரெஞ்சு முறையின் எளிமை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, நுரையோ பல மடங்கு உறுதி.

அளவு என்று பார்த்தால், 100 கிராம் வெள்ளைக்கருவுக்கு 100 கிராம் சர்க்கரை, 105 முதல் 130 கிராம் வரை பாதாம் தூள், அதே எடைக்கு ஐசிங் சுகர். எடைத் தராசு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். ஒரு முட்டையின் வெள்ளைக்கரு 30 கிராமும் இருக்கும், 40 கிராமும் இருக்கும்; ‘மூன்று முட்டை’ என்று எழுதிய குறிப்பில் 30 கிராம் வரை வித்தியாசம் வரலாம், அது கிட்டத்தட்ட முழுக்க நீர். இனிப்பைக் குறைக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. கலவையின் எடையில் பாதி சர்க்கரை. அதில் கை வைத்தால் நுரையின் சுவரில் கை வைத்ததாகிவிடும். இனிப்பைச் சமன்செய்ய வேண்டிய இடம் உள்ளே வைக்கும் கிரீம்: கசப்புள்ள சாக்லேட், காபி, புளிப்பான ராஸ்பெர்ரி.

பாதாமில் ஏறக்குறைய பாதி எண்ணெய். தோல் நீக்கிய பாதாமை வீட்டு மிக்ஸியில் அரைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தொடர்ந்து ஓடவிட்டால் தூள் சூடாகி எண்ணெய் விட்டுக்கொள்ளும். அந்த எண்ணெய் நேராக நுரைமேல் பாயும். ஐசிங் சுகரோடு சேர்த்து, விட்டுவிட்டு அரைத்தால் சர்க்கரை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கையில் அள்ளி இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். பிறகு நல்ல சல்லடையில் சலிக்க வேண்டும்; மேலே தங்கும் குருணையை அழுத்தித் தேய்த்து இறக்காமல் வேறு எதற்காவது எடுத்து வைத்துவிடலாம். நிறம் சேர்க்க விரும்பினால் பொடியோ ஜெல்லோ மட்டும். பாட்டிலில் வரும் நீர்த்த திரவ நிறம் மறுபடியும் நீரைத்தான் கொண்டுவந்து சேர்க்கிறது.

இப்போது மக்கரோனின் உயிர்நிலைக்கு வருகிறோம். பாடுபட்டு எழுப்பிய நுரையில் பாதாம் தூளைப் போட்டு, அந்த நுரையை வேண்டுமென்றே கொஞ்சம் உடைக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இதை மக்கரோனாஜ் என்கிறார்கள். கேக் செய்யும்போது குமிழி கலையாமல் பதமாக மடிக்கப் பழகிய கைக்கு இது சங்கடமாக இருக்கும். ஆனால் இங்கே குமிழிகள் எல்லாம் அப்படியே இருந்தால் ஓவனில் அவை விரிந்து ஓட்டைப் பிளந்துவிடும். தலையிலும் கூம்பு நிற்கும். நிறைய உடைத்துவிட்டால் கலவை ஓடி, வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அடியில் பாதம் எனப்படும் சொரசொரப்பான வளையம் எழாமலே போகும்.

கரண்டியைக் கவனித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியும். முதலில் கலவை மந்தமாக, மங்கலாக இருக்கும். தூக்கினால் கட்டியாக விழும். பாத்திரத்தின் ஓரத்தில் தேய்த்துப் பரப்பி, மறுபடி திரட்டி, மீண்டும் பரப்பும்போது மெல்ல மெல்லப் பளபளப்பு வரும். கட்டியாக விழுந்தது துண்டுத் துண்டாக விழத் தொடங்கும். பிறகு துண்டுகள் நீளும். பிறகு ஒரு கட்டத்தில் அறுபடாத ரிப்பனாக, மடிந்து மடிந்து இறங்கும். கரண்டியிலிருந்து வழியும் ரிப்பனால் பாத்திரத்துக்குள் ஒரு எட்டு போட முடிந்தால், அந்த எட்டின் கோடுகள் பத்துப் பதினைந்து விநாடியில் விளிம்பு மழுங்கிக் கலவையோடு கலந்தால், கையை எடுத்துவிட வேண்டும். கலவையைத் தட்டில் பிழிய உதவும் பைப்பிங் பைக்குள் நிரப்பி அழுத்தும்போதும் இன்னும் கொஞ்சம் குமிழி உடையும் என்பதால், சந்தேகம் வந்தால் கொஞ்சம் முன்பே நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். 50 முறை என்ற எண்ணிக்கைக்கு இங்கே பொருளே இல்லை. நுரை எவ்வளவு விறைப்பு, தூள் எவ்வளவு உலர்வு, கை எவ்வளவு அழுத்தம் என்பதைப் பொறுத்து அது ஒவ்வொரு முறையும் மாறும்.

பையைச் செங்குத்தாகப் பிடித்து, தாள் விரித்த தட்டில் 3.5 சென்டிமீட்டர் வட்டங்களாகப் பிழிந்து, தட்டைத் தூக்கி மேசையில் இரண்டு மூன்று முறை ஓங்கித் தட்ட வேண்டும். மேலே வரும் பெரிய குமிழிகளைக் குச்சி முனையால் உடைத்துவிடலாம்.

அடுத்து காத்திருப்பு. சாதாரணமாக 30 முதல் 60 நிமிடம். வட்டங்களின் மேல்பரப்பிலிருந்து நீர் ஆவியாக, எஞ்சும் சர்க்கரையும் புரதமும் மெல்லிய தோலாக இறுகுகின்றன. விரல் நுனியால் லேசாகத் தடவினால் ஒட்டக் கூடாது. பளபளப்பு குறைந்து மேல்பரப்பு மங்கியிருக்கும். மழை நாள் விதியில் உள்ள உண்மை இதுதான்: காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் தோல் கட்ட நேரமாகும், சில நாள் கட்டவே கட்டாது. அதற்காக வேலையை ஒத்திப்போட வேண்டியதில்லை. ஓவனை மிகக் குறைந்த சூட்டில், கதவைச் சற்றுத் திறந்தபடி, விசிறி ஓட வைத்துச் சில நிமிடம் உலர்த்தினால் அதே தோல் வந்துவிடும். காத்திருக்காமல் நேராக உள்ளே தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சரியாக வருகிறது. நன்றாக விசிறி ஓடும் ஓவனும் நீர் குறைந்த கலவையும் அவர்களிடம் இருப்பதுதான் காரணம். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட விரலை நம்பலாம்.

ஓவன் கண்ணாடிக்கு முன் உட்கார்ந்து பார்த்தால் அந்தத் தோல் எதற்கென்று தெரியும். முதல் சில நிமிடம் ஒன்றும் நடக்காது. தட்டின் சூடு அடியிலிருந்து ஏற, உள்ளிருக்கும் காற்று விரிகிறது, நீர் ஆவியாகிறது. மேலே தோல் மூடியிருப்பதால் ஆவிக்கு வழி இல்லை. ஐந்தாவது நிமிடத்தை ஒட்டி வட்டம் முழுவதும், தலை கலையாமல், மூடியைப்போல் மேலே கிளம்பும். அடி விளிம்பில் இளகிய கலவை சிறு சிறு குமிழியாகப் பிதுங்கி வந்து அங்கேயே இறுகும். பாவாடை விளிம்பில் வைத்துத் தைத்த கொசுவம்போல் தெரியும் அந்தச் சொரசொரப்பான வளையம்தான் பாதம். தோல் கட்டாமல் உள்ளே போன வட்டத்தில் ஆவி அடியை விட்டுவிட்டுத் தலையைப் பிளந்துகொண்டு வெளியேறும்.

தலை வெடித்துவிட்டதே என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு வரலாற்று ஆறுதல் உண்டு. மக்கரோன் பிறந்ததே வெடித்த தலையோடுதான். 1533இல் பிரெஞ்சு இளவரசரை மணந்து வந்த காத்ரீன் தெ மெதிசி இதை இத்தாலியிலிருந்து கொண்டுவந்தார் என்ற கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதை கதையாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பிரான்ஸின் கிழக்கில் உள்ள நான்சி நகரத்தின் மக்கரோனுக்கு இன்னும் உறுதியான பின்னணி இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சி 1792இல் துறவு மடங்களைக் கலைத்தபோது, அங்கிருந்த இரண்டு கன்னியாஸ்திரீகள் பிழைப்புக்காக மக்கரோன் செய்து விற்கத் தொடங்கினார்கள். ‘மக்கரோன் சகோதரிகள்’ என்றே அவர்களை ஊர் அழைத்தது. பின்னாளில் அவர்கள் நினைவாக ஒரு தெருவுக்கும் பெயர் வைத்தது. நான்சி மக்கரோன் ஒற்றை வட்டம். உள்ளே கிரீம் இல்லை, நிறம் இல்லை, மேலே பாளம் பாளமாக வெடிப்பு. சாந்தெமிலியோன், அமியான் போன்ற ஊர்களுக்கும் தங்கள் தங்கள் மக்கரோன் உண்டு. இரண்டு வழவழப்பான ஓடுகளுக்கு நடுவே கனாஷ் என்னும் சாக்லேட் கிரீமை வைத்து ஒட்டுவது 20ஆம் நூற்றாண்டின் பாரிஸ் வழக்கம். 1862இல் தொடங்கிய லாதுரே கடையும், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பியர் தெஃபோன்தேனும் அதற்குரிய பெருமையைப் பெற்றிருக்கிறார்கள். வண்ண வண்ணமாக அடுக்கிய பெட்டி உலகெங்கும் பரவியது அதற்கும் வெகுகாலம் பின்னால்தான். நுரை அடிக்கவே பயப்படுகிறவர் நான்சி வகையிலிருந்து தொடங்கினால் எந்தக் குறையும் இல்லை. அதில் வெடிப்புதான் அழகு.

மீண்டும் ஓவனுக்கு. விசிறி உள்ள ஓவனில் 140 முதல் 150 டிகிரி செல்சியஸ், ஏறக்குறைய 12 முதல் 16 நிமிடம். எண்ணைச் சொல்வது சுலபம். வீட்டு ஓவனின் திருகில் 150 என்று இருக்கும்போது உள்ளே 135ஆகவும் இருக்கலாம், 170ஆகவும் இருக்கலாம். மக்கரோனுக்காக ஒரே ஒரு பொருள் வாங்க முடியும் என்றால், உள்ளே தொங்கவிடும் ஓவன் வெப்பமானியை வாங்குங்கள். வட்டம் அச்சடித்த சிலிகான் விரிப்பு அப்புறம். அந்த விரிப்பு தாளைவிடச் சூட்டை மெதுவாகக் கடத்துவதால், தாளில் சரியாக வெந்த அதே நேரத்தில் விரிப்பில் அடி ஈரமாக ஒட்டிக்கொள்ளும். விரிப்பு கெட்டது என்று தூக்கிப் போடும் முன் இரண்டு நிமிடம் கூட்டிப் பார்க்கலாம்.

உள்ளே கூடாவதுதான் மக்கரோனின் மிகத் தந்திரமான குறை. வெளியிலிருந்து பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றுமிருக்காது; கடித்தால் ஓடு நொறுங்கும், கீழே ஒட்டிய ஒரு படலம், நடுவே வெற்றிடம். இதற்கு நுரையை மட்டும் பழிப்பது வழக்கம். அளவுக்கு மீறி அடித்த நுரை ஒரு காரணம்தான், ஆனால் பெரும்பாலும் வேகாததே காரணம். வெள்ளைக்கருவின் முதன்மைப் புரதமான ஓவால்புமின் 80 டிகிரியை ஒட்டித்தான் இறுகும். சர்க்கரை சேர்ந்தால் அந்த எல்லை இன்னும் மேலே போகும். ஓடு முன்னதாகவே இறுகிவிடுகிறது. நடுப்பகுதி உப்பியிருக்கிறது, ஆனால் இறுகவில்லை. அந்த நிலையில் வெளியே எடுத்தால், சூடு தணியும்போது நடுப்பகுதி கீழே அமிழ்கிறது, ஓடு மேலேயே நின்றுவிடுகிறது. சூடு அதிகம் வைத்தால் ஓடு இன்னும் வேகமாக இறுகும், இடைவெளி இன்னும் பெரிதாகும். எனவே சூட்டைச் சற்றுக் குறைத்து நேரத்தைக் கூட்டுவது பலருக்குக் கைகொடுக்கிறது. தலையை விரலால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். பாதத்தின்மேல் ஓடு வழுக்கி ஆடினால் இன்னும் வேகவில்லை. ஆடாமல் நின்றால், தட்டில் முழுவதும் ஆறவிட்டு எடுத்தால் தாளைவிட்டுச் சுத்தமாக உரிந்துவரும்.

நிறம் பழுப்பேறும் என்ற பயத்தில் முன்னதாக எடுப்பதும் இதே குறையில்தான் கொண்டுபோய் விடும். அதற்குத் தட்டுக்கு மேல் அடுக்கில் இன்னொரு வெறும் தட்டை வைத்து மறைத்துவிட்டால் போதும்.

ஆறிய ஓடு மொறுமொறுப்பாக இருக்கும். அது இன்னும் மக்கரோன் ஆகவில்லை. கனாஷ் வைத்து இணைத்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்த பிறகுதான் அது தன் குணத்துக்கு வருகிறது. கிரீமில் ஈரம் அதிகம், ஓட்டில் குறைவு. இரண்டும் ஒட்டியிருந்தால் ஈரம் கிரீமிலிருந்து ஓட்டுக்கு நகரும். ஓட்டின் உட்பக்கம் இளகி மெதுமெதுவென்று ஆகும், மேல் தோல் மட்டும் பல்லில் மெல்ல உடையும். எவ்வளவு ஈரமான கிரீம் என்பது இங்கே முக்கியம். கசப்புச் சாக்லேட்டும் பாலாடைக் கிரீமும் சம எடை சேர்ந்த கனாஷ் நிதானமாக ஈரம் தரும். வெண்ணெய் கூடிய பட்டர்கிரீம் இன்னும் மெதுவாக. நீர்த்த ஜாமை நேராகத் தடவினால் மறுநாள் ஓடு கூழாகிவிடும். அதைச் சுண்டக் காய்ச்ச வேண்டும், அல்லது சுற்றிலும் பட்டர்கிரீமால் வளையம் போட்டு நடுவில் ஒரு துளி மட்டும் வைக்க வேண்டும்.

ஒரு நிமிடம் அதிகமாக வெந்த ஓடு இந்த ஒரு நாள் ஊறலில் மீண்டுவிடும். மிகவும் காய்ந்திருந்தால் உட்பக்கத்தில் பிரஷ்ஷால் துளிப் பால் தடவிக் கிரீம் வைக்கலாம். வேகாத ஓட்டுக்கு இப்படி ஒரு வைத்தியமும் கிடையாது. செய்து முடித்ததை ஃப்ரீசரில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. சர்க்கரை மிகுதியாக இருப்பதால் ஓடு கல்லாக உறைவதும் இல்லை. எடுத்தவுடன் டப்பாவைத் திறந்துவிடாமல் மூடியபடியே ஃபிரிட்ஜுக்கு மாற்றிச் சில மணி நேரம் வைத்தால் ஓட்டின்மேல் நீர் பூக்காது. பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் கனாஷ் இளகி மணம் திரும்பும்.